பாக்கியமக்காவின் பங்கு

வெள்ளிக்கிழமை. அக்கராயன்.

பாராளுமன்றத்தை விட்டு வந்து இவ்வளவு காலமாகியும் என் மனுசனை வரி விட்டபாடில்லை. அங்கே வருடக்கணக்காகப் பேசி நாட்டின் வரிச்சட்டத்தையே மாற்றிய அதே பேச்சை, இன்று பிள்ளையார் கோவில் கூட்டத்திலும் எடுத்தார். கோவில் பொங்கல் செலவுக்கு வீட்டுக்கு வீடு ஒரே அளவு பங்குப் பணம் வாங்குவது எங்கள் ஊர் வழக்கம். அது அநியாயமாம். வயல் கூடியவர்கள் கூடக் கொடுக்க வேண்டுமாம், இல்லாதவர்கள் குறையக் கொடுத்தால் போதுமாம். என்னைக் கேளாமலே எங்கள் பங்கை மூன்று மடங்காக்கிவிட்டார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது.

ஆனால் எதிர்த்து எழும்பியது, தனியே இருந்து துண்டு வயல் செய்யும் பாக்கியமக்கா.

"ஐயா, என்ர பங்கை ஏன் குறைக்கிறியள்? எல்லாரும் தாறதைத்தான் நானும் தருவன். குறையத் தந்திட்டு எந்த முகத்தோட பொங்கல் பானைக்குக் கிட்ட நிக்கிறது?"

எத்தனையோ நிதியமைச்சர்களை மடக்கியவர், தன் கணக்குத் தாளை மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு இருந்துவிட்டார். பழைய வழக்கமே நின்றது.

வீட்டுக்கு வந்ததும், கோபமாக இருப்பார் என்று பயந்து பயந்துதான் தேத்தண்ணி கொண்டுபோனேன்.

"இஞ்சேரும், வரியைக் குறைக்காதேங்கோ எண்டு சொல்லி இத்தனை வருசத்தில ஒருத்தரும் எனக்கு எதிரா எழும்பினதில்லையப்பா" என்று சிரித்தார்.

இப்போதும் பக்கத்தில் படுத்திருந்து சிரிக்கிறார். கட்டில் குலுங்குகிறது, என் எழுத்தும் கோணுகிறது.