ஒரு துண்டு இரைப்பை

மார்ச் 3, ஞாயிறு

கோழி அடித்தோம். சமைத்தது நான். தட்டை மட்டும் மகள் நமால்வா எடுத்துக்கொண்டு போனாள். ஏழு வயசுப் பிள்ளை. அப்பன் முன்னால் முட்டி போட்டு, இரைப்பை மேலாகத் தெரியும்படி தட்டை இரண்டு கையாலும் நீட்டினாள். இவர் அதை எடுத்து வாயில் போட்டுச் சப்புக்கொட்டி மென்றார். "என் மகளுக்கு எல்லாம் தெரியுது" என்று சிரிப்பு வேறு.

யார் சொல்லிக்கொடுத்தது என்று கேட்டேன். "கூக்கு" என்றாள். இவருடைய அம்மாவைப் பிள்ளைகள் அப்படித்தான் கூப்பிடும். முற்றத்துக்கு அந்தப் பக்கம் அத்தையின் குடிசை. வழக்கப்படி பேத்தி அங்கேதான் படுக்கிறாள்.

"உனக்கு என்னடி பங்கு?"

"கழுத்து. இரைப்பை ஆம்பளைங்களுக்கு. பொம்பள தின்னா அசிங்கம்."

அதற்குமேல் நான் சாப்பிடவில்லை.

மார்ச் 5

அத்தையிடம் கேட்டேவிட்டேன். சோளம் உதிர்த்துக்கொண்டே, என் முகத்தைக்கூடப் பார்க்காமல் சொன்னாள்: "எம் மாமியா எனக்குச் சொன்னா, நான் உம் மகளுக்குச் சொல்றேன். நீ என்னத்தச் சொல்லிக்குடுத்த? போன்ல பாட்டு வைக்கவா?"

அந்தக் கிழவியின் மடியில்தான் பிள்ளை முப்பாட்டன் வரைக்கும் பேர் சொல்லக் கற்றாள். அது உண்மை. பாட்டும் கதையும் எவ்வளவு வேண்டுமானாலும் சொல்லட்டும். கூடவே இந்தக் கண்றாவியையும் ஏன் ஊட்ட வேண்டும்?

இவரிடம் சொன்னால், "ஒரு துண்டுக் கறிக்கு இவ்ளோ ரகளையா?" என்கிறார். ஒரு துண்டுக் கறிதானே — அப்போ நீ விட்டுக்குடேன். தூ.

மார்ச் 17, ஞாயிறு

இவருடைய அண்ணன் வந்திருந்தார். அத்தையும் இருந்தாள். எல்லார் முன்னாலும் சட்டியிலிருந்து இரைப்பையை எடுத்து நானே தின்றேன். சவக் சவக்கென்று ரப்பர் மாதிரி இருந்தது. இதற்காகவா இத்தனை தலைமுறையாக முட்டி போட்டார்கள்?

அண்ணன் தட்டைத் தள்ளி வைத்தார். இவர் தலை நிமிரவில்லை. அத்தை மெதுவாக எழுந்து வாசலுக்குப் போய்க் காறித் துப்பினாள். "இந்த அடுப்புல வெந்தது இனி எனக்கு வேண்டாம்" என்றாள்.

நமால்வா என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பார்க்கட்டும். அவள் பார்க்க வேண்டுமென்றுதானே தின்றேன். இனி அவள் அங்கே போய்ப் படுக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

மார்ச் 18

ராத்திரி முழுக்க அழுதாள். மனசை இரும்பாக்கிக்கொண்டேன்.

மார்ச் 26

அத்தை கிமிலிலி ஊரில் இருக்கும் மகள் வீட்டுக்குப் போய்விட்டாள். இவர் என்னோடு பேசுவதில்லை. போகட்டும். ஜெயித்தது நான்தான். ஆனாலும் சாயங்காலமானால் முற்றம் வெறிச்சென்று கிடக்கிறது, பாட்டுச் சத்தம் இல்லை.

ஏப்ரல் 21, ஈஸ்டர்

கோழி. இரைப்பையை இரண்டாக வெட்டி, ஒரு பாதியை நமால்வாவுக்கும் மறு பாதியைத் தம்பி சிகுக்குவுக்கும் வைத்தேன். இவர் பார்த்தார்.

"சாப்பிடுடி. யாரும் உன்ன ஒண்ணும் சொல்ல மாட்டாங்க."

தன் பாதியை விரல் நுனியால் எடுத்தாள். எழுந்து போய், நாலு வயசுத் தம்பி முன்னால் முட்டி போட்டு அவன் தட்டில் வைத்தாள். அவன் எடுத்து வாயில் போட்டுக்கொண்டான்.

"ஏன்டி?" என்றேன்.

என் வாயைப் பார்த்தாள். முகத்தில் அப்படி ஓர் அருவருப்பு. அன்று காறித் துப்பின கிழவியின் முகத்தில்கூட அவ்வளவு இல்லை.

"ச்சீ. நான் என்ன உன்ன மாதிரியா?"

அப்புறம் வாசலுக்குப் போய், சோப்புப் போட்டு விரல்களைக் கழுவினாள்.