தாடையில் வைத்த எலும்பு

வெண்ணந்தூர்,
புதன்கிழமை.

அன்பு மகள் கிருத்திகாவுக்கு அப்பா எழுதுவது. இங்கே அம்மாவும் மாடு கன்றுகளும் சுகம், நீயும் மாப்பிள்ளையும் அந்தக் குளிரில் நோய் நொடி இல்லாமல் இருக்க வேண்டிக்கொள்கிறோம். நானும் சுகம் என்று எழுதக் கை வரவில்லை. வாயில் தையல் போட்டிருக்கிறது, அதிகம் பேசக்கூடாது என்பதால் எழுதுகிறேன், இதை அம்மா போனில் படம் எடுத்து அனுப்புவாள்.

மூன்று வருஷத்துக்கு முன் நீ லீவு முழுக்க ஆஸ்பத்திரியில் உட்கார்ந்து எனக்குத் தாடையெலும்பில் முடுக்கிப் போட வைத்தாயே திருகாணிப் பல், அதைச் சுற்றி எட்டு மாதமாக ரத்தம் கசிந்தது. இரும்புப் பல்லில் சொத்தையா வரப்போகிறது என்று நான் அதைத் தேய்ப்பதே இல்லை. ஞாயிறுதோறும் நீ வீடியோ போனில் பல் எப்படி இருக்குதுங்கப்பா என்று கேட்பாய், நல்லா இருக்குது சாமி என்பேன். நீ கவலைப்படக் கூடாதென்று சொன்னதுதான், ஆனாலும் பொய். சேலத்துப் பல் ஆஸ்பத்திரியில் எக்ஸ்ரே படம் எடுத்துப் பார்த்தால் திருகாணியைச் சுற்றி எலும்பு பாதிவரை கரைந்துவிட்டது.

ஈறைத் திறந்து சுத்தம் செய்து பள்ளத்தில் எலும்புத்தூள் நிரப்ப வேண்டும் என்றார் டாக்டரம்மா. எந்த எலும்பு என்று கேட்டேன். மாட்டெலும்பைச் சுத்தப்படுத்திச் செய்தது, எல்லா ஊரிலும் வைக்கிறார்கள் என்றார். அவர் சொன்னதில் தப்பில்லை. ஆனால் நம் காட்டைப் பதினான்கு வருஷம் உழுத செவலைக் காளையை மாசியில் தென்னைக்குப் பக்கத்தில் குழி வெட்டிப் புதைத்தவன் நான்தானே. அம்மாவோ, நாம கும்புடற மாடுங்க, அத எப்புடி வாயில வெக்கறதுங்க என்று டாக்டர் முன்னாலேயே அழுதுவிட்டாள். அப்படியென்றால் உங்கள் தாடையின் பின்பக்கத்திலிருந்தே கொஞ்சம் எடுத்து வைக்கலாம், காயம் இரண்டாகும், வலியும் கூடும் என்றார். சரிங்க என்றேன்.

போன வியாழன் நடந்தது. வாய் மரத்திருந்தாலும் சுரண்டும் சத்தம் மண்டைக்குள் கேட்டுக்கொண்டே இருந்தது, பயந்துதான் போனேன். எலும்பு பிடித்ததா என்று ஆறு மாதம் கழித்துத்தான் தெரியுமாம், பிடிக்காவிட்டால் பல்லைக் கழற்ற வேண்டியதுதான். வயசானவனுக்கு ஒரு பல் போனால் என்ன, நீ பக்கத்தில் இருந்து போட வைத்தது என்பதுதான் மனதை அறுக்கிறது. கம்மங்கூழை ஆற்றிக் குடித்துக்கொண்டு கிடக்கிறேன்.

படுத்துக் கிடக்கையில் ஒன்று தோன்றியது சாமி. நீயும் ஒவ்வொரு ஞாயிறும் முகம் தெரியாத இருட்டில் உட்கார்ந்துகொண்டு நல்லா இருக்கேனுங்கப்பா என்றுதான் சொல்கிறாய். அந்தப் பேச்சை நீ என்னிடம்தானே கற்றாய். இருவரும் நூறு வயசு நன்றாக இருங்கள். வரும் ஞாயிறு நான் வாயைத் திறந்து காட்டுகிறேன், நீ விளக்கைப் போட்டுவிட்டு உன் முகத்தைக் காட்டு.

உன் அப்பா,
சென்னிமலை