மீனுக்குக் கால் முளைத்த நாட்கள்

வல்லம்,
கார்த்திகை, 1991

பாசமுள்ள ஸ்டெல்லா அண்ணி,

நீங்கள் போன பிறகு உங்கள் பால்வாடியை நான்தான் பார்த்துக்கொள்கிறேன். அண்ணன் மறுபடி மறைமலை நகர் கம்பெனிக்கு ஷிப்ட் வேலைக்குப் போகிறார். அவருக்குச் சாப்பாட்டில்தான் இன்னும் மனம் ஒட்டவில்லை.

ஒரு சங்கதி சொல்ல வேண்டும். ஐப்பசி மழையில் ஏரிக்கரைப் பள்ளமெல்லாம் தலைப்பிரட்டைகள். மீன் என்று பிள்ளைகள் அடித்துச் சொன்னார்கள். ஒரு கண்ணாடி ஜாடியில் அள்ளிவந்து வகுப்பில் வைத்தோம். அன்றிலிருந்து வாய் அ, ஆ சொன்னாலும் கண்ணெல்லாம் ஜாடியில்தான்.

பால்வாடியில் பாடமே நடப்பதில்லை என்று ஊரில் பேச்சு கிளம்பியது. படப்பையில் இங்கிலீஷ் நர்சரி திறந்திருக்கிறார்கள். சில பிள்ளைகள் அங்கே போய்விட்டார்கள். ஒருநாள் செல்வியின் அம்மா தேவகியும் மகளை அழைத்துப்போக வந்துவிட்டாள்.

"படிக்க அனுப்புனா பூச்சி பாத்துகினு கீது! இன்னாத்துக்கு இந்த பால்வாடி?"

நீங்களாக இருந்தால் என்ன சொல்லியிருப்பீர்கள்?

செல்வியை நினைவிருக்கிறதா? யாரோடும் பேசாமல் மூலையில் விரல் சூப்பிக்கொண்டிருப்பாளே, அவள்தான். அம்மாவின் கையை உதறிவிட்டு ஜாடியிடம் ஓடினாள்.

"எம்மா, இங்க பாரு! மீனுக்கு காலு மொளச்சிகீது! மீனுக்கு ஏம்மா காலு?"

தேவகி குனிந்தாள். வெகுநேரம் பார்த்தாள். பிறகு குரல் இறங்கி என்னிடம் கேட்டாள்: "வாலு இன்னா ஆவும் டீச்சர்? வுழுந்துடுமா?"

பதில் நாக்கு நுனிவரை வந்துவிட்டது, அண்ணி. விழுங்கிக்கொண்டேன். "நாளைக்கி வந்து பாரேன்" என்றேன்.

வந்தாள். அதற்கு மறுநாளும் வந்தாள். வால் குட்டையாகிக்கொண்டே போவதைத் தாயும் மகளும் தலையோடு தலை முட்டிக்கொண்டு பார்த்தார்கள். கடைசியில் செல்விதான் சொன்னாள்: "வுழுவலம்மா. உள்ளயே பூட்சி!"

குட்டித் தவளைகளைப் பள்ளத்திலேயே விட்டுவிட்டோம். தேவகியும் கூட வந்தாள். நர்சரிக்குப் போன பிள்ளைகள் திரும்பவில்லை. அது எனக்கு வருத்தம்தான். செல்வி இருக்கிறாள். இப்போது வாய் ஓய்வதே இல்லை.

நேற்று என் மடியில் ஏறிக்கொண்டு கேட்டாள்: "ஸ்டெல்லா டீச்சர் எங்க பூட்டாங்க?"

சாமிகிட்ட என்று எல்லோரும் சொல்வதை நானும் சொல்லியிருக்கலாம். "எனக்கும் தெரியலடி" என்றேன். அவள் என் முகத்தையே பார்த்தாள்.

எந்தப் பிள்ளை எதைக் கேட்டாலும் "வாயை மூடு" என்று சொல்ல மாட்டேன், அண்ணி. எனக்கு அழுகை வந்தாலும் சொல்ல மாட்டேன்.

உங்கள் நாத்தனார்,
அமலா