இசைத்தட்டில் இல்லாத குரல்

அன்புத் தம்பிக்கு,

அக்கா எழுதிக்கொள்வது. நான் நலம். நெஞ்சில் அடைப்புக்கு வைத்த குழாய் ஒழுங்காக வேலை செய்கிறதாம். என் மூக்குக்கண்ணாடிக் கடைக்கு மறுபடியும் போக ஆரம்பித்துவிட்டேன். நீ நலமா என்று கேட்கப்போவதில்லை. இசைத்தட்டு போடும் அளவுக்கு நலமாகத்தான் இருக்கிறாய்.

இதை வீட்டுக்கு அனுப்பாமல், நீ செல்லோ வாத்தியம் சொல்லிக்கொடுக்கும் பள்ளிக்கு அனுப்புவதற்குக் காரணம் உண்டு. போன் செய்தால் உன் மனைவிதான் எடுக்கிறாள். "பயிற்சியில இருக்கார் அண்ணி." "இப்பதான் கண் அசந்தார் அண்ணி." எட்டு மாதமாக ஒரு மனுஷன் பயிற்சியும் தூக்கமுமாகவா இருப்பான்? உன் போனிலிருந்து வரும் செய்திகளும் "நலம் அக்கா" என்பதோடு நின்றுவிடுகின்றன. அதைத் தட்டுவது உன் விரலா, அவள் விரலா என்று எனக்கு என்ன நிச்சயம்?

தட்டு வந்த செய்தியை எதிர் வீட்டுப் பல் டாக்டர் சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். "இருநூறு பிரதிதான் போட்டாங்களாம், எனக்கு ஒண்ணு கிடைச்சிடுச்சு. உங்களுக்கு முதல் பிரதியே வந்திருக்குமே!" என்றார். வந்தது என்று தலையாட்டிவிட்டேன். கூடப்பிறந்தவன் மானம் என் மானம்தானே.

ஞாயிற்றுக்கிழமை அவர் வீட்டில் உட்கார்ந்து முழுவதும் கேட்டேன். அட்டையைப் பார்த்ததுமே பற்றிக்கொண்டு வந்தது. முன்பக்கம் முழுக்க அவள் முகம். உன் பங்குக்குச் செல்லோ வில்லைப் பிடித்த ஒரு கை. அதுவும் மணிக்கட்டு வரைதான்!

பாட்டுகளைப் பற்றிக் குறை சொல்ல மாட்டேன். மற்றவர்கள் பாடிப் பழகிய பாட்டு ஐந்து, உங்கள் சொந்தப் பாட்டு நான்கு. அவள் குரல் நன்றாகத்தான் இருக்கிறது, இல்லை என்று சொன்னால் என் நாக்கு அழுகிப்போகும். ஆனால் நேரில் மக்கள் முன்னால் வாசித்ததை அப்படியே பதித்த தட்டில், நீ ஒரு வார்த்தைகூடப் பேசவில்லையே! மைக்கைக் கொடுத்தால் திருப்பித் தராதவன் நீ. உன் கச்சேரியில் பாட்டைவிடப் பேச்சுதான் அதிகம் என்று நானே திட்டியிருக்கிறேன். இதில் எல்லாவற்றையும் அவளே பேசுகிறாள். கூட்டத்திலிருந்து ஒருவர், "சார், நீங்க ஏதாவது சொல்லுங்க" என்று கத்துகிறார். உடனே அவள், "இன்னைக்கு அவரோட வில்லுதான் பேசும்" என்று சொல்லி அடுத்த பாட்டைத் தொடங்கிவிடுகிறாள். என்ன வேகம்! உன் வாயைப் பொத்த அவள் யார்?

கடைசியில் ஒன்று. உங்கள் கல்யாணத்தில் நீங்கள் இருவரும் சேர்ந்து பாடினீர்களே, நீ எழுதிய பாட்டு, அதை இதில் அவள் தனியாகப் பாடியிருக்கிறாள். உன் பங்கை உன்னிடமிருந்தே பிடுங்கிவிட்டாள்.

உன் கையெழுத்தில் பதில் போடு.

அன்புடன்,
அக்கா

*

தம்பிக்கு,

கடிதம் கிடைத்த அன்றே போனில் செய்தி அனுப்பியிருக்கிறாய். "அக்கா, அவளைத் தப்பா நினைக்காதே. நான் நல்லாத்தான் இருக்கேன்." நான் கேட்டது கையெழுத்து. வந்தது அவளுக்கு நற்சான்றிதழ். இதை நீ எழுதியிருந்தால் உன் மேல் கோபம். அவள் எழுதியிருந்தால் அவள் சாமர்த்தியத்துக்கு ஒரு கும்பிடு.

என் கடைக்கு வருகிறவர்கள் எழுத்துப் பலகையின் முன் உட்கார்ந்து, தெரியாத எழுத்தையும் தெரிகிறது என்று சாதிப்பார்கள். கண்ணைச் சுருக்கும் விதத்திலேயே பிடித்துவிடுவேன். அப்படிப்பட்டவளிடமா முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறீர்கள்?

சொல்ல வேண்டாம் என்று இருந்தேன், இப்போது சொல்கிறேன். எனக்கு நெஞ்சில் குழாய் வைத்த வாரம் நீ வரவில்லை. "அவருக்கு வெளியூர்ல கச்சேரி அண்ணி, தள்ளிப்போட முடியல" என்றாள். அக்காவின் உயிரைவிடப் பெரிய கச்சேரியா என்று படுக்கையில் கிடந்து நினைத்தேன். அந்த வாரம் எந்த ஊரில் கச்சேரி, எந்த அரங்கம், சொல் பார்க்கலாம். எனக்கென்னவோ, நீ அந்த வீட்டிலேயே இல்லையோ என்று தோன்றுகிறது. தட்டில் வாசிப்பதுகூட நீதானா, இல்லை, வேறு யாருடைய மணிக்கட்டோ?

அட்டையின் பின்பக்கத்தில் ஒலிப்பதிவு செய்தவரின் எண் போட்டிருக்கிறது. நாளை அவரையே கேட்கப்போகிறேன்.

சந்தேகம் தீராத,
அக்கா

*

அம்மாடி,

உன்னை எப்படி அழைத்து எழுதுவது என்று தெரியாமல் இரண்டு தாள்களைக் கிழித்துவிட்டேன். கல்யாணமாகி இத்தனை வருடத்தில் உனக்கென்று நான் ஒரு வரியும் எழுதியதில்லை.

ஒலிப்பதிவுக்காரரிடம் பேசினேன். விசாரிக்கிற குரலில் இல்லை, சண்டைக்குப் போகிற குரலில். "என் தம்பி மேடையில பேசினதையெல்லாம் யார் சொல்லி வெட்டினீங்க? அவன் பெண்டாட்டியா?" என்று கேட்டேன். "வெட்டறதுக்கு அவர் எதுவும் பேசலையேம்மா" என்றார். பேசாமல் எப்படி இருப்பான் என்று பாய்ந்தேன். "நீங்க அவர் சொந்த அக்காவா?" என்று கேட்டார். ஆமாம் என்றேன். "அப்புறம் எப்படிம்மா உங்களுக்குத் தெரியாம இருக்கும்? தொண்டையில புத்துநோய்னு குரல்வளையை எடுத்துட்டாங்களே" என்றார்.

அதற்குப் பிறகு அவர் சொன்னது பாதிதான் காதில் ஏறியது. ஆபரேஷன் நடந்த நாளை அவர் சொன்னபோதுதான் உறைத்தது. எனக்குக் குழாய் வைத்த அதே வாரம். நான் ஒரு மருத்துவமனையில் கிடந்து உன்னைச் சபித்துக்கொண்டிருந்தபோது, நீ இன்னொரு மருத்துவமனையின் வராந்தாவிலிருந்து எனக்குப் போன் செய்து, கச்சேரி என்று சொல்லியிருக்கிறாய். "அக்கா நெஞ்சு தாங்காது, தேறி வரட்டும், அதுவரைக்கும் வாயைத் திறக்காதே" என்று அவன்தான் எழுதிக் காட்டியிருப்பான். அவன் புத்தி எனக்குத் தெரியாதா? ஆனால் போனில் நான் ஏசியதையெல்லாம் வாங்கிக்கொண்டு, "சரி அண்ணி, சரி அண்ணி" என்று சொன்னாயே, உன் நெஞ்சு எப்படித் தாங்கியது?

பல் டாக்டரிடம் தட்டை இரவல் வாங்க மனம் வரவில்லை. அவர் கிளினிக் போனதும் அவர் மனைவியிடம் சொல்லிவிட்டு அங்கேயே உட்கார்ந்து, அந்தக் கடைசிப் பாட்டை மறுபடி கேட்டேன். அவனுடைய வரிகள் வரும் இடத்தில் நீ பாடாமல் நிறுத்துகிறாய். செல்லோ வருகிறது. இரண்டாவது வரியின் நடுவில், அவன் எப்போதும் திருட்டுத்தனமாக மூச்சு வாங்குவானே, அந்த இடத்தில் செல்லோவும் நின்று எடுக்கிறது. வில்லுக்கு எதற்கம்மா மூச்சு? அவன் பங்கை நீ பிடுங்கிக்கொண்டாய் என்று அவனுக்கு எழுதினேன். நீ அவனுக்கு இடம் விட்டிருக்கிறாய். எனக்கு ஏன் பிரதி வரவில்லை என்பதும் புரிந்தது. கேட்டால் கண்டுபிடித்துவிடுவேன் என்று பயந்திருப்பீர்கள். கண்டுபிடித்தேன், தப்பாக.

இப்போதும் எனக்குச் சந்தேகம் விட்டபாடில்லை. மூச்சு விடச் சிரமப்படுகிறானா? சாப்பிடுவது ஒழுங்காக இறங்குகிறதா? அடுத்த அறையிலிருந்து உன்னைக் கூப்பிட வேண்டுமென்றால் என்ன செய்கிறான்? இருமுகிறானா? டாக்டர் புற்றை முழுவதும் எடுத்துவிட்டோம் என்றாரா, பார்க்கலாம் என்றாரா? இந்தக் கேள்விக்கு மட்டும் என் நெஞ்சைப் பார்க்காதே. உள்ளதைச் சொல்.

வருகிற வெள்ளிக்கிழமை ரயிலில் வருகிறேன். அவனிடம் சொல்லாதே, சொன்னால் ஏதாவது காரணம் எழுதி அனுப்பித் தடுத்துவிடுவான். வாசலில் நான் அழுதுகொண்டு நின்றால் கதவைத் திறக்காதே. அழுது முடித்துவிட்டு வாருங்கள் என்று உள்ளேயிருந்தே சொல். நான் கோபித்துக்கொள்ள மாட்டேன்.

நீ நூறு வயது நன்றாக இருக்க வேண்டும். குளிர்ந்த தண்ணீர் குடிக்காதே. மழையில் நனையாதே. யாரிடமும், என்னிடம்கூட, தொண்டை கட்டும் அளவுக்குச் சண்டை போடாதே. உன் குரலைப் பத்திரமாகப் பார்த்துக்கொள் அம்மா. அந்த வீட்டுக்கு இருப்பது அது ஒன்றுதான்.

உன்,
அண்ணி