மச்சினன் இல்லாத முத்துக்குளிக்காரனுக்கு

தூத்துக்குடி
9-12-1948

என் அன்பு மகன் சத்தியராஜுக்கு அம்மா எழுதிக்கொள்வது. கர்த்தர் கிருபையால் நானும் உன் அப்பாவும் உன் தங்கை ஜெபசெல்வியும் தரைமேல் சுகமாக இருக்கிறோம். நீ தண்ணீருக்கு மேலே இருக்கிறாயா, கீழே இருக்கிறாயா என்பதை மறு தபாலில் எழுதவும்.

உன் கடிதம் போன வாரம் திங்கட்கிழமை வந்தது. கிறிஸ்மசுக்கு எந்த ரயிலில் வருகிறாய் என்று எழுதியிருப்பாய் என நினைத்து, முறுக்குக்கு அரிசி ஊறப்போட்டுவிட்டு ஈரக்கையோடு வந்து பிரித்தால், வரவே இல்லை என்று எழுதியிருக்கிறாய். லீவு முழுவதும் பட்டணத்துக் கார்னிவலில் வேலை பழகப் போகிறீர்களாம், வணிகம் படிக்கிற பிள்ளைகள் வகுப்பில் உட்கார்ந்தால் போதாது, கூட்டம் கூடுகிற இடத்தில் போய்ப் பார்க்க வேண்டும் என்று உங்கள் புரபசர் ஏற்பாடு பண்ணினாராம், முடிந்ததும் ஒரு அறிக்கை எழுதிக் கொடுத்தால் மார்க்கும் உண்டாம். ரொம்ப நல்லது. ராட்டினமும், கிணற்றுக்குள் சுற்றுகிற மோட்டார் சைக்கிளும், தலை மட்டும் பேசுகிற பெண்பிள்ளையும் இருக்கிற இடத்தில் நீயும் ஒரு மூலையில் உட்கார்ந்து டிக்கெட் கிழித்துக் கொடுக்கிறாய் என்றால் நான் ஊறப்போட்ட அரிசியை வடித்துக் காயப்போட்டுவிட்டு சும்மா இருந்திருப்பேன். உனக்கு முதலில் டிக்கெட் பெட்டிதான் கொடுத்தார்களாம். அதோடு வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் அல்லவா.

கம்பெனி மேனேஜர் ஒவ்வொரு பையனையும் எந்த ஊர் என்று கேட்டாராம். திருநெல்வேலிப் பையனை அல்வாக் கடைக்கு அனுப்பினாராம், கோயம்புத்தூர்ப் பையனுக்கு மிஷின் எல்லாம் அத்துப்படியாக இருக்கும் என்று ராட்டினத்து மோட்டார் பக்கம் விட்டாராம், நீ தூத்துக்குடி என்று சொன்னவுடன் எழுந்து வந்து கையைக் குலுக்கி, அப்படியானால் முத்துக்குளிக்கத் தெரியுமே என்றாராம். இல்லை ஐயா, என் அப்பா கப்பல் ஏஜெண்டு ஆபீசில் உட்கார்ந்து பேனா பிடிக்கிறவர், அம்மா மிஷன் பள்ளிக்கூடத்தில் ஒன்றாம் வகுப்புக்கு அ, ஆ சொல்லிக் கொடுக்கிறவள், எங்கள் பூர்வீகம் நாசரேத்து, அங்கே கிணற்றில் வாளி விட்டுத்தான் தண்ணீரைப் பார்ப்போம் என்று சொல்ல வேண்டிய என் மகன், தெரியும் சார், பரம்பரை பரம்பரையாகத் தெரியும் சார் என்றானாம். கூட நின்ற பையன்கள் எல்லாம் கை தட்டினார்களாம். அதையும் எழுதியிருக்கிறாய், பெருமையாக. நம் ஊரில் கடைசியாக முத்துக்குளிப்பு நடந்தபோது நீ தொட்டிலில் கிடந்தாய். அதற்கப்புறம் இங்கே சங்கு எடுக்க மட்டும்தான் முங்குகிறார்கள். அந்த மேனேஜர் நாம் எல்லாரும் காலையில் பல் தேய்த்துவிட்டுக் கடலுக்குள் போய் ஒரு முத்தை எடுத்து வந்து காப்பிக்குப் பால் வாங்குகிறோம் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார் போலும்.

கடிதத்தோடு நீ வைத்திருந்த நோட்டீசையும் பார்த்தோம். தூத்துக்குடி முத்துக்குளி வீரன், கண்ணாடித் தொட்டிக்குள் உயிரைப் பணயம் வைக்கும் காட்சி, தினமும் மூன்று வேளை என்று போட்டு, பல்லில் கத்தியைக் கடித்துக்கொண்டு ஒரு ஆள். அவனுக்கு இருக்கிற மீசை நம் வம்சத்தில் யாருக்கும் கிடையாது. அப்பா அதை ஒருவரிடமும் காட்டக் கூடாது, வெளியே தெரிந்தால் மானம் போய்விடும் என்று என்னிடம் கண்டிப்பாகச் சொன்னார். மறுநாள் ஆபீசுக்கு எடுத்துக்கொண்டு போய் பியூன் வரைக்கும் காட்டிவிட்டு வந்தார். என்ன என்று கேட்டால், நம்ம பயலு படம்லா என்கிறார். ஜெபசெல்வியோ, அண்ணன் செம்புத் தண்ணியத் தலையில ஊத்தினாலே மூக்கப் பிடிச்சுக்கிட்டு நிப்பான், அவன் எப்படிம்மா முங்குவான் என்று கேட்டுக் கேட்டுச் சிரிக்கிறாள். சிரிக்கட்டும், சின்னப் பிள்ளை.

உன் தயாரிப்பைப் பற்றியும் எழுதியிருக்கிறாய். தினமும் காலையில் ஹாஸ்டல் குளியலறையில் வாளிக்குள் முகத்தை முக்கி மூச்சடக்குகிறாயாம், அறைத்தோழன் கடிகாரம் பார்க்கிறானாம், பச்சை முட்டை குடிக்கிறாயாம். வாளியில் முகத்தை முக்கியவன் எல்லாம் கடலோடி என்றால் நம் வீட்டு ஆட்டுக்குட்டி கப்பல் கேப்டன் ஆகியிருக்கும். தொட்டி இரண்டு ஆள் ஆழம், முன்பக்கம் முழுக்கக் கண்ணாடி, காலில் கல்லை மாட்டிக்கொண்டு அடிக்குப் போக வேண்டும், சிப்பி பொறுக்கிப் பையில் போட வேண்டும், மேலே வந்து ஒன்றைப் பிளந்து அதற்குள் அவர்களே முன்கூட்டி வைத்த பாசிமணியை முத்து என்று எடுத்து முன்வரிசை அம்மாள் யாருக்காவது கொடுக்க வேண்டும். வணிகப் படிப்பு என்றால் என்ன என்று எனக்கு இப்போதுதான் விளங்குகிறது. இதற்கு அசல் தூத்துக்குடிக் கல்லும் கயிறும் சிப்பிப் பையும் வேண்டும், திரேஸ்புரத்தில் வாங்கி ரயில் பார்சலில் அனுப்பு என்று எழுதியிருக்கிறாய், ஊறுகாய் கேட்கிற மாதிரி. நீச்சல் தெரியுமா என்று அந்த மேனேஜர் கேட்கவே இல்லையா ஐயா? நீயும் சொல்லவே இல்லையா?

எதற்கும் கேட்டுப் பார்ப்போம் என்று சனிக்கிழமை ஜெபசெல்வியைக் கூட்டிக்கொண்டு திரேஸ்புரம் போனேன். அங்கே சந்தியாகு பர்னாந்து என்று ஒருவர், சங்கு குளிக்கிறவர், அவர் பேத்தி என் வகுப்பில் படிக்கிறாள், அந்தப் பழக்கத்தில் போனேன். வருஷக்கணக்காக முங்கி முங்கி அவருக்குக் காது மந்தம். அதனால் நான் மெதுவாகச் சொல்ல நினைத்ததை எல்லாம் கத்திச் சொல்ல வேண்டியதாயிற்று. என் மகன் மெட்ராசில் கண்ணாடித் தொட்டிக்குள் முத்துக்குளிக்கப் போகிறான் என்று நான் நடுத்தெருவில் நின்று கூவியதில், வலை பின்னிக்கொண்டிருந்தவர்கள், மீன் உலர்த்திக்கொண்டிருந்தவர்கள் எல்லாம் வந்து சுற்றிக்கொண்டார்கள். உன் மேனேஜர் நோட்டீஸ் அடித்த காசு வீண், என்னை ஒரு தடவை அங்கே நிறுத்தினால் போதும். எல்லாம் கேட்டுவிட்டு அந்தப் பெரியவர் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். கல்லு தாரேன், பையும் தாரேன், கயிறு யாரு பிடிக்கா டீச்சரம்மா, தம்பிக்கு மச்சினன் உண்டுமா?

எனக்கு விளங்கவில்லை. அவர்கள் வழக்கம் அப்படியாம். முங்குகிறவன் இடுப்புக் கயிற்றைப் படகில் நின்று பிடிப்பது அவன் பெண்டாட்டியுடன் பிறந்தவன்தானாம், வேறு யாரிடமும் கொடுக்க மாட்டார்களாம். ஏன் என்று கேட்டேன். கூலிக்குப் பிடிக்கவன் தும்மல் வந்தாக் கூட விட்டுருவான், கூடப் பெறந்தவனுக்குக் கூட சொத்துல ஒரு கண்ணு இருக்கும், மச்சினன் விட மாட்டாம்மா, விட்டா அவன் தங்கச்சிலா தாலி அறுப்பா என்றார். சொல்லிவிட்டு, மச்சினன் பேரைச் சொல்லுங்க, கல்லை எடுத்துட்டுப் போங்க என்று கையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்துவிட்டார். அங்கே நின்ற பெண்களுக்குக் கொண்டாட்டம். மச்சினன் வேணும்னா மொதல்ல பொண்ணுலா வேணும் என்று ஒருத்தி தொடங்கினாள், எத்தனை வயசு, என்ன படிக்கான், வேதக்காரப் பிள்ளைதானே என்று இன்னொருத்தி. உனக்கு வேலை பார்த்துக் கொடுக்க உங்கள் புரபசர் இருப்பதுபோல் பெண் பார்த்துக் கொடுக்கத் திரேஸ்புரமே இருக்கிறது, கவலைப்படாதே. நான் கல்லும் இல்லாமல் கயிறும் இல்லாமல் வெறுங்கையோடு வீட்டுக்கு வந்தேன்.

வந்து உன் கடிதத்தை மறுபடியும் எடுத்து வாசித்தேன். கயிற்றைப் பற்றி நீ ஒரு வரி எழுதியிருந்தாய், முதல் தடவை நான் கவனிக்கவில்லை. ராட்டினத்து ஆள் ஒருவன் சும்மா இருக்கிற நேரத்தில் வந்து பிடித்துக்கொள்வானாம். சும்மா இருக்கிற நேரத்தில். கிறிஸ்மஸ் கூட்டத்தில் ராட்டினம் எப்போது சும்மா இருக்கும் சத்தியா? ராட்டினத்தை நிறுத்து என்று நாலு பேர் கத்தினால் அவன் கயிற்றைப் போட்டுவிட்டு ஓட மாட்டானா? அவனுக்கு நீ யார்? கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நிற்கிற ஜனங்கள் நீ கை காலை உதறினால் காட்சி பிரமாதம் என்று கை தட்டிக்கொண்டிருப்பார்கள்.

கேலி பேசிப் பேசி எழுதுகிறேன் என்று நினைக்காதே. எனக்குப் பயமாக இருக்கிறது. ஞாயிற்றுப்பள்ளிப் பிள்ளைகளோடு முயல் தீவுக்குத் தோணியில் போனோமே, ஞாபகம் இருக்கிறதா, போகிற வழி முழுக்க என் சேலையைப் பிடித்துக்கொண்டு கண்ணைத் திறக்காமல் வந்தாய், இறங்கினவுடன் முழங்கால் தண்ணீரில் வழுக்கி விழுந்தாய். முழங்கால் தண்ணீர்தான். நான் சட்டைக் காலரைப் பிடித்துத் தூக்குவதற்குள் உன் உதடு நீலமாகிவிட்டது. அன்றைக்கு இரவு முழுவதும் நீ தூங்கினாய், நான் உன் மூச்சைப் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்தப் பிள்ளைதான் இப்போது உயிரைப் பணயம் வைக்கிற வீரன்.

கடலோரத்துக்காரன் என்று சொன்னவுடன் எழுந்து கை கொடுத்தார்களே, அந்தக் கையை விட உனக்கு மனம் வரவில்லை, அவ்வளவுதான் விஷயம், எனக்குத் தெரியாதா. சேர்ந்ததிலிருந்து உன்னைத் தெக்கத்தியான், பேச்சைப் பாரு என்று சிரித்துக்கொண்டிருந்த பையன்கள் கை தட்டினால் யாருக்குத்தான் இனிக்காது. ஆனால் ராசா, மேனேஜரிடம் போய் ஐயா எனக்கு நீந்தத் தெரியாது என்று சொல்ல ஒரு நிமிஷம் ஆகும், அதற்கு அவர்கள் ஒரு நாள் சிரிப்பார்கள். டிக்கெட் பெட்டிக்குத் திரும்பிப் போ. எந்த வேளையில் கூட்டம் வருகிறது, எதற்கு வரிசை நிற்கிறது என்று பார்த்து எழுது, புரபசர் கேட்ட அறிக்கை அதுதானே. தொட்டிக்குள் இருந்துகொண்டு நீ எதைப் பார்த்து எழுதப் போகிறாய்? இதைச் சொன்னால் கேட்கிற பிள்ளையாக இருந்தால் நீ பரம்பரை பரம்பரையாகத் தெரியும் என்று சொல்லியிருக்க மாட்டாய். அதனால் நான் இன்னொரு காரியமும் செய்துவிட்டேன்.

நேற்றுப் பள்ளிக்கூடம் விட்டதும் தனியாகத் திரேஸ்புரம் போனேன். பெரியவர் என்னைப் பார்த்ததும், மச்சினன் கெடச்சிட்டானா என்று கேட்டார். நான்தான் பிடிக்கப் போகிறேன் என்று கத்திச் சொன்னேன். பொம்பளை கயிறு பிடிச்சு நான் கண்டதில்லியே, கண்ணீர் வடிக்க நேரம் இருக்காது, கையில பலம் வேணும் என்றார். அவன் மேலே வராவிட்டால் யாருக்கு நஷ்டமோ அவர்கள்தானே பிடிக்க வேண்டும், அதுதானே உங்கள் கணக்கு, கட்டிக்க ஒருத்தி வருகிறவரைக்கும் அது நான்தான் என்றேன். காது கேட்டதோ இல்லையோ என்று நான் மறுபடியும் கத்தப் போனேன். கேட்டுச்சும்மா, கேட்டுச்சு என்று எழுந்து உள்ளே போய்க் கயிற்றை எடுத்து வந்தார். அது கடையில் வாங்கின கயிறு இல்லை, அவர் முங்குகிற கயிறு. என் உள்ளங்கையில் அவரே ஒரு சுற்றுச் சுற்றி, கண்ணு தண்ணிய விட்டு விலகக் கூடாது, இழுத்தாலும் தூக்கணும், இழுக்காம ரொம்ப நேரம் கெடந்தாலும் தூக்கணும் என்று சொல்லிக் கொடுத்தார். நீங்க விட மாட்டிய என்றார். கல்லை மட்டும் தரவில்லை, தம்பிக்கு அது வேண்டாம் என்று சொல்லிவிட்டார்.

ஆகையால் வேஷம் கட்டுகிற என் மகனுக்குத் தெரிவிப்பது என்னவென்றால், பள்ளிக்கூடம் அடைத்த மறுநாள் சாயங்கால ரயிலில் நாங்கள் மூன்று பேரும் புறப்படுகிறோம். அப்பா லீவு சொல்லிவிட்டார், மீசை முளைத்த மகனைப் பார்க்க அவருக்கும் ஆசைதான். முறுக்கும் முந்திரிக்கொத்தும் ஒரு தகரத்திலும், உனக்குப் பிடித்த மக்ரூன் உடையாமல் இன்னொரு தகரத்திலும் வரும். கிறிஸ்மஸ் ஆராதனைக்கு உன்னோடுதான் போவோம். கார்னிவலுக்கும் வருவோம், ஓசியில் இல்லை, டிக்கெட் வாங்கித்தான். டிக்கெட் பெட்டியில் நீ உட்கார்ந்திருந்தால் வாங்கிக்கொண்டு போய் ஜெபசெல்வியோடு ராட்டினம் ஏறுவேன், எனக்கும் ரொம்ப நாளாக ஆசை. நீ பெட்டியில் இல்லாமல் தொட்டிப் பக்கம் இருந்தால் முன்வரிசையில் உட்கார மாட்டேன், நேராக மேலே ஏறி வந்துவிடுவேன், உன் மேனேஜர் தடுத்துப் பார்க்கட்டும். நோட்டீசில் வேண்டுமானால் என்னையும் சேர்த்து அடிக்கச் சொல். தூத்துக்குடி டீச்சரம்மா கயிறு பிடிக்கும் காட்சி என்று போட்டால் கூட்டம் இன்னும் கூடும், உன் படிப்புக்கும் ஆகும்.

குளிர் நாள், தலைக்குக் குளித்தால் நன்றாகத் துவட்டு, காதுக்குள் ஈரம் நிற்க விடாதே. பச்சை முட்டையை நிறுத்து, வாடை அடிக்கும். வாளியைக் குளிப்பதற்கு மட்டும் உபயோகப்படுத்து. ஜெபத்தை விடாதே, இப்போது கொஞ்சம் கூடுதலாகவே தேவைப்படும். கர்த்தர் உன்னைக் கண்ணின் மணிபோல் காக்கட்டும், உன் போக்கையும் வரத்தையும் ஆசீர்வதிக்கட்டும், முக்கியமாக உள்ளே போனால் வெளியே வருகிற வரத்தை. பெட்டியா தொட்டியா என்று உடனே ஒரு கார்டு போடு. நேற்றிலிருந்து வீட்டுக் கிணற்றில் நிறை வாளியை இறக்கி இந்தக் கயிற்றால் இழுத்து இழுத்துப் பழகுகிறேன். உள்ளங்கை கன்றிப்போய்விட்டது, எழுத்து கோணலாக இருப்பது அதனால்தான். இதுவரைக்கும் ஒரு தடவைகூடக் கயிறு கையை விட்டு நழுவவில்லை.

இப்படிக்கு,
உன் அம்மாவும், வேறு ஆள் அமைகிறவரைக்கும் உன் மச்சினனும் ஆகிய
ஜெயபாய் ஜெபசிங்