வெடித்த தரையில் கால் வைத்தது

அன்புள்ள கற்பகத்துக்கு,

உன் முழங்கால் வலி தேவலையா? ஆடுகள் எப்படி இருக்கின்றன? இங்கே சிக்னல் இல்லாததால் எழுதுகிறேன். எதுவும் விட்டுப்போகாமல் இருக்க வரிசை போட்டுக்கொள்கிறேன்: 1. என் உடல்நிலை. 2. நேற்று நடந்தது. 3. லென்ஸ் துடைக்கத் துணி.

உடம்புக்கு ஒன்றுமில்லை. இந்த வடக்குச் சதுப்பில் வெயில் நம் கோவில்பட்டி வெயில்தான். புழுக்கம் மட்டும் அதிகம்.

நேற்று சாரஸ் கொக்குகளைப் படமெடுக்கப் போனேன். கரையோரம் இடைசெவல் கரிசலைப் போலவே பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. இறுகிய தரை என்று நம்பிக் கால் வைத்தேன். அடியில் சேறு, இடுப்புவரை இறங்கிவிட்டேன். கேமராவைத் தலைக்குமேல் தூக்கிக்கொண்டு, "ஏலே, யாராச்சும் ஓடி வாங்கலே!" என்று கத்தினேன். படகோட்டி ராம்தனி கயிறு போட்டு இழுத்தார்.

"வெடித்த தரையில் யாராவது நடப்பார்களா, பாபுஜி?" என்று இந்தியில் கேட்டுச் சிரித்தார்.

"எங்க ஊர்ல அதுலதானய்யா நடக்கோம்" என்றேன். அவருக்குப் புரியவில்லை. இங்கே வந்தபின் நான் வாய்விட்டுத் தமிழ் பேசியது நேற்றுத்தான். படங்கள் தேறுமா, தெரியவில்லை.

மூன்றாவது, நீ உடுத்திப் பழசான நூல்சேலை ஒன்றை அனுப்பு. துவைக்க மெனக்கெட வேண்டாம். லென்ஸ் துடைக்க அதுதான் மெத்தென்று இருக்கும்.

ராம்தனி தபாலுக்குக் கிளம்பி நிற்கிறார், முடிக்கிறேன். கற்பகம், மூன்றாவதாக எழுதியது தவறு. லென்ஸ் துடைக்கத் துணி என்னிடமே இருக்கிறது. ஆனாலும் சேலையை அனுப்பு, துவைக்காமல்.

பரமசிவன்