சும்மா வந்த மூன்றாவது பல்

கடைக்கார மகாராஜாவுக்கு,

சாப்பாடு மூடி வைத்திருக்கிறேன். சூடு பண்ணத் தெரியும் என்று நம்புகிறேன். பீரோ சாவி பழைய இடத்தில்தான்.

நான் நரம்பு டாக்டரிடம் போகிறேன். போன வாரம் உங்களுக்குத் தெரியாமல் போனபோதே அவர் சொல்லிவிட்டார்: இது பல்வலியே இல்லை, முகத்து நரம்பு. நாள் முழுக்க எரிகிற வகை ஒன்று உண்டாம், மின்னல் மாதிரி வெட்டிவிட்டுப் போகிற வகை ஒன்று உண்டாம். எனக்கு இரண்டாவது. ஃபேன் காற்று பட்டாலே வெட்டும். அதைத்தான் நீங்கள் உங்கள் தங்கையிடம், "உங்க அண்ணி நல்லா நடிக்கிறா" என்றீர்கள்.

சாயங்காலம் உங்கள் பல் டாக்டர் நண்பர் என்னைக் கூட்டிப்போக வருவார். "ரெண்டு பிடுங்கினா மூணாவது சும்மா" என்று துணி பேரம் மாதிரி பேசி முடித்தீர்களே, அந்த மூன்றாவதுக்கு. பிடுங்கிய இரண்டும் சொத்தையில்லாத நல்ல பற்கள். வலி இம்மியும் குறையவில்லை.

மூன்றாவதை நான் தருவதாக இல்லை. சும்மா கிடைப்பதை விட்டுவிட உங்களுக்கு மனசு வராது. அவர் வந்ததும் உங்கள் வாயைத் திறந்து காட்டுங்கள்.

இடம் இல்லை, ஓரத்தில் எழுதுகிறேன்: நேற்று நான் கேட்காமலே ஃபேனை அணைத்துவிட்டு வேர்க்க வேர்க்க உட்கார்ந்திருந்தீர்கள். நான் நடிக்கிறேன் என்று நிஜமாக நினைக்கிறவர் அப்படி உட்காருவாரா? சாப்பாடு அதற்குத்தான்.